கோபுரமும் கைக்கருவியும்: திருகோணமலை அலைகளும் ஒலி இயக்கிகளின் வரலாறும்

வானொலியின் வரலாறு இன்றுவரை பெரும்பாலும் கோபுரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த அரசு எந்த ஆண்டில் எத்தனை கிலோவாற் வலுவுடைய ஒலிபரப்பியை நிறுவியது, எந்த மொழியில் எத்தனை மணிநேரம் பேசியது, எவருடைய எதிர்ப்பைச் சம்பாதித்தது என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாக அமைகின்றன. கேட்பவன் கையிலிருந்த கருவி அவ்வத்தியாயங்களில் இடம்பெறுவது அரிது. அது கடையில் வாங்கப்படும் ஒரு பண்டம். அதற்கும் வரலாறு உண்டென எண்ணுவோர் சிலரே. எனினும் பேசுபவனும் கேட்பவனும் சேர்ந்தமைவதே ஒலிபரப்பு எனக் கொள்ளின், கருவியின் வரலாற்றை விடுத்துக் கோபுரத்தின் வரலாற்றை மட்டும் எழுதுவது பாதிக் கதையைச் சொல்வதாகவே முடியும். எண்முறை வானொலி தோன்றிய பின்னர் இக்குறை மேலும் பெரிதாயிற்று. ஏனெனில் அவ்வானொலியில் ஒலியைக் காதுக்குக் கொண்டுவரும் கடைசி வேலையைச் செய்வது இயக்கி எனப்படும் மிகச் சிறியதொரு மென்பொருளாகும். கோபுரங்கள் எழுந்த திருகோணமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வியக்கியின் வரலாற்றையும் அதன் சமூகப் பொருளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உவர்மலையும் வடகரைக் கோபுரங்களும்

திருகோணமலை நகரில் உட்துறைமுகத்தை அடுத்து உயர்ந்திருக்கும் மேட்டுநிலம் ஆங்கிலப் பெயரால் ஓர்ஸ் ஹில் எனவும், தமிழில் உவர்மலை எனவும் வழங்கப்படுகின்றது. குடிமனைகளும் பாடசாலையும் அரச பணிமனைகளும் நிறைந்த இம்மேட்டின் முன்னே விரிந்து கிடப்பது உலகின் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் ஆகிய நால்வரும் மாறிமாறிக் கண்வைத்த துறை இது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. அவை வருவதை ரேடார்க் கருவி முன்கூட்டியே அறிவித்தது. பிரித்தானியர் தமது கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957ஆம் ஆண்டிலாகும். இவ்வரலாறு முழுவதிலும் துறைமுகத்தின் பெறுமதி ஆழத்தை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. தொலைவில் நிகழ்வதை யார் முதலில் அறிவர் என்பதையும் அது பொறுத்திருந்தது.

போர் முடிந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர், திருகோணமலை மீண்டும் அலைகளின் களமாயிற்று. 1953ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பெற்ற ஜேர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்சே வெல்லே, நகருக்கு வடக்கே நிலாவெளிப் பக்கக் கரையோரத்தில் ஒரு மறுஒலிபரப்பு நிலையத்தை அமைத்தது. 1980களின் நடுப்பகுதியில் அது இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 250 கிலோவாற் வலுவுடைய சிற்றலை ஒலிபரப்பிகள் அங்கு நிறுவப்பட்டன. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட குரல்கள் இக்கரையில் மறுபிறவி எடுத்து ஆசியாவெங்கும் சென்றன.

இந்நிலையமும் இதுபோன்ற பிற நிலையங்களும் அரசியலுக்குத் தப்பவில்லை. 1987ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இந்திய-இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானபோது, இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் மூன்று பொருள்கள் அடுத்தடுத்து இடம்பெற்றன. இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் திருகோணமலைத் துறைமுகம் எந்நாட்டின் படைத்துறைப் பயன்பாட்டுக்கும் வழங்கப்படலாகாது என்பது ஒன்று. எண்ணெய்த் தாங்கிகளைப் புனரமைத்து இயக்குதல் இரு நாடுகளின் கூட்டு முயற்சியாதல் வேண்டும் என்பது மற்றொன்று. வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடன் இலங்கை செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மீளாய்வு செய்யப்பட்டு, அவ்வசதிகள் படைத்துறைக்கோ உளவுக்கோ அன்றிப் பொது ஒலிபரப்புக்கே பயன்படுவது உறுதிசெய்யப்படுதல் வேண்டும் என்பது மூன்றாவது. துறைமுகம், எண்ணெய், ஒலி ஆகிய மூன்றும் ஒரே கடிதத்தில் ஒரே தரத்துப் பொருள்களாக எண்ணப்பட்டமை ஊன்றி நோக்கத்தக்கது.

ஆயின் இக்கடிதங்களிலும் கேட்பவன் இல்லை. சிற்றலையின் இயல்பும் அவனுக்குச் சாதகமானதன்று. வானத்தின் அயன மண்டலத்திற் பட்டுத் தெறித்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இறங்குவதே சிற்றலையின் வழியாகும். நில அலை ஓய்ந்த இடத்துக்கும் வான அலை மீண்டும் தரைதொடும் இடத்துக்கும் இடையிலுள்ள நிலப்பரப்பை அறிவியலார் மௌன வலயம் என்பர். கோபுரம் எவருடைய ஊரில் எழுந்ததோ அவருக்காக அக்கோபுரம் பேசவில்லை என்பதை இயற்கையே உணர்த்துவது போன்றதொரு நிலை இது. உவர்மலையில் வாழ்ந்தோர்க்கு அது தலைக்குமேற் கடந்து செல்லும் பிறர் குரலேயாகும்.

குரல் எண்ணாகிய கதை

இனி, கருவியின் பக்கம் திரும்புவோம். குரல் என்பது காற்றின் அசைவு. அதனை மின்னின் அசைவாக மாற்றி, அவ்வசைவை வானலையின்மேல் ஏற்றி அனுப்புவது பழைய வானொலி. இம்முறையில் குரலுக்கும் மின்னுக்கும் இடையே ஒப்புமை முறியாமல் இருக்கும். எண்முறையிலோ அசைவு ஒவ்வொரு கணமும் அளக்கப்பட்டு, அளவு எண்ணாக எழுதப்பட்டு, எண்களே அனுப்பப்படுகின்றன. 1937ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் இக்கருத்தை முதன்முதல் தெளிவுற வகுத்தார். அன்றைய வெற்றிடக் குழாய்கள் அதனை மலிவாகச் செயற்படுத்த இடந்தரவில்லை. திரான்சிஸ்டர் வந்த பின்னரே, 1960களில், தொலைபேசி வலையமைப்புகள் அம்முறையை மேற்கொண்டன. செக்கனுக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிற் என, ஒரு தொலைபேசிக் குரலுக்குச் செக்கனுக்கு 64,000 பிற் தேவைப்பட்டன. இசைத்தட்டின் வழித்தோன்றலான சீ.டி.யில் 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிற், இரு தடங்கள் எனக் கணக்கிடின், செக்கனுக்கு 14 இலட்சம் பிற்றுக்கு மேல் ஆகின்றது.

இத்துணை எண்களை வானொலி அலையின் குறுகிய வழியில் அனுப்புதல் இயலாது. ஆகவே குரலைச் சுருக்குங் கலை வளர்ந்தது. இக்கலையில் நமது பிராந்தியத்தவரான பிஷ்ணு அடலின் பங்களிப்புக் குறிப்பிடத்தக்கது. கான்பூரிற் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துடன் தொடர்புற்று, பின் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த அவர், மன்பிரெட் ஷ்ரோடர் என்னும் ஜேர்மானியருடன் இணைந்து 1960களில் ஒரு வழியைக் கண்டார். பேச்சின் அடுத்த மாதிரியை முந்திய மாதிரிகளிலிருந்து பெரும்பாலும் ஊகிக்கலாம். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பினாற் போதும் என்பதே அவ்வழி. 1985ஆம் ஆண்டில் இவ்விருவரும் வெளியிட்ட செல்ப் என்னும் முறை, பின்னாளைய கைத்தொலைபேசிகள் பலவற்றின் குரற்சுருக்கத்துக்கு அடித்தளமாயிற்று. இசையைப் பொறுத்தமட்டில், காது கேளாதவற்றை நீக்கிக் கேட்பவற்றை மட்டும் காக்கும் முறைகள் எழுந்தன. 1997ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட ஏ.ஏ.சி. அவற்றுள் ஒன்றாகும்.

ஈண்டு ஒரு சொல்லை விளக்கிக்கொள்ளுதல் அவசியம். குறியாக்குதல், குறிநீக்குதல் ஆகிய இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகள் இணைந்து பிறந்ததே கோடெக் என்னுஞ் சொல். அது இரு பொருள்களில் வழங்குகின்றது. ஏ.ஏ.சி., செல்ப் போன்ற சுருக்கமுறைகளும் கோடெக் எனப்படும். மின்னசைவை எண்ணாகவும் எண்ணை மின்னசைவாகவும் மாற்றும் சிறு சில்லும் கோடெக் எனப்படும். முன்னது கணக்கு, பின்னது பொருள். இக்கட்டுரையின் நடுப்பொருளான இயக்கி இவ்விரண்டாவது கோடெக்கைச் சார்ந்தது.

எண்முறை வானொலியும் அதன் முதற் கேட்போரும்

சிற்றலை, மத்திய அலை ஆகியவற்றுக்கான எண்முறை வானொலித் தரம் டி.ஆர்.எம். எனச் சுருக்கமாக வழங்கப்படுகின்றது. 1998ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோ நகரில் இதற்கான கூட்டமைப்பு உருவாயிற்று. டொய்ச்சே வெல்லே அதன் முன்னணி உறுப்பினருள் ஒன்று. 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முறையான ஒலிபரப்புகள் ஆரம்பமாயின. 10 கிலோஹேர்ட்ஸ் அகலமேயுடைய பழைய சிற்றலை வழியில், நூற்றுக்கு மேற்பட்ட துணையலைகள் அருகருகே நின்று எண்களைச் சுமந்தன. இசைக்கு ஏ.ஏ.சி.யும் பேச்சுக்குச் செல்ப் வழிவந்த முறையும் அத்தரத்தில் இடம்பெற்றன. சிற்றலைக்கே உரிய இரைச்சலும் மங்கலும் நீங்கி, பண்பலை வானொலியை ஒத்த தெளிவு கிடைக்கும் எனக் கூறப்பட்டது. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் திருகோணமலை நிலையமும் டி.ஆர்.எம். முறையில் ஒலிபரப்பிற்று. உவர்மலைக்கு வடக்கே நின்ற கோபுரங்கள் அவ்வகையில் உலகின் புதிய வானொலி நுட்பத்துக்குள் நுழைந்துவிட்டன.

ஆனால் கேட்பதற்குக் கருவி எங்கே? இவ்வினாவே அக்காலத்தின் உண்மையான வினா. கடைகளில் டி.ஆர்.எம். வானொலிப் பெட்டிகள் மிக அரிது, கிடைத்தவை விலைமிக்கன. ஆகவே அதன் முதற் கேட்போருட் பலர் கணினி வைத்திருந்த ஆர்வலர்களாவர். ஜேர்மனியின் டாம்ஸ்ரட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வோல்கர் பிஷர், அலெக்சாண்டர் குர்பியர்ஸ் ஆகிய இருவர் 2001ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய டிரீம் என்னும் திறந்தமூல மென்பொருள் அவர்களுக்குக் கைகொடுத்தது. வானொலிப் பெட்டியினுள்ளிருந்து அலையைப் பிரித்தெடுத்து, 12 கிலோஹேர்ட்ஸ் என்னும் தாழ்ந்த அதிர்வுக்கு இறக்கி, கணினியின் ஒலி அட்டைக்குள் செலுத்தினர். பாட்டுக் கேட்கவும் பேச்சைப் பதியவும் செய்யப்பட்ட ஒலி அட்டை, வானொலி அலையையே அளக்கும் கருவியாக மாறியது. அதன் கோடெக் சில்லு செக்கனுக்கு 48,000 முறை அலையை அளந்தது. அவ்வெண்களைக் கணினி கணக்கிட்டுக் குரலாக்கியது. அதே சில்லு மறுவழியாக அக்குரலை ஒலிபெருக்கிக்கு அனுப்பியது.

இங்குதான் இயக்கியின் முக்கியத்துவம் வெளிப்படுகின்றது. பாட்டுக் கேட்கையில் ஒலி அட்டையின் இயக்கி ஒரு சில மாதிரிகளைத் தவறவிட்டால் சிறு 'டிக்' ஒலி கேட்கும். அதனைக் காது மன்னித்துவிடும். டி.ஆர்.எம். கணக்கோ மன்னிப்பதில்லை. இயக்கி மாதிரிகளைத் தவறவிட்டால், அல்லது கேளாமலே 44,100க்கும் 48,000க்கும் இடையே மாற்றம் செய்தால், துணையலைகளின் ஒழுங்கு குலையும். குரல் முற்றாக நின்றுவிடும். பழைய வானொலியில் குறை இரைச்சலாக வெளிப்பட்டது. எண்முறை வானொலியில் குறை மௌனமாக வெளிப்படுகின்றது. அம்மௌனத்துக்குக் காரணம் கோபுரமா, வானமா, இயக்கியா என்பதைக் கேட்பவன் அறிய வழியில்லை.

இயக்கி என்பது யாது?

கணினியைத் தன் உடலுக்குள் மறைத்துக்கொண்டு ஒரே பணிக்கென அமைந்த கருவியை உட்பொதிந்த முறைமை என்பர். கைத்தொலைபேசி, மோட்டார்க் காரின் வானொலி, எண்முறை வானொலிப் பெட்டி என்பன இவ்வகையின. அவற்றுள்ளே மையச் செயலியும் கோடெக் சில்லும் தனித்தனியே இருப்பது வழக்கம். இரண்டையும் இணைப்பவை சில மெல்லிய கம்பிகள். பிலிப்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வகுத்த ஐ-ஸ்குவெயர்-எஸ் என்னும் முறையில் மூன்று கம்பிகளே ஒலிக்குப் போதும். ஒன்று ஒவ்வொரு பிற்றுக்கும் துடிக்கும்; மற்றொன்று இடக்காதா வலக்காதா எனச் சொல்லும்; மூன்றாவது எண்ணைச் சுமக்கும். இவற்றுக்குப் புறம்பாக, கட்டளைகளைக் கொண்டுசெல்ல வேறிரு கம்பிகள் உண்டு.

மையச் செயலியில் இயங்கும் மென்பொருளுக்கு இச்சில்லின் மொழி தெரியாது. 'இக்குரலை ஒலிக்கச் செய்' என்பதே அதன் வேண்டுகோள். அவ்வேண்டுகோளைச் சில்லுக்கு விளங்கும் கட்டளைகளாகப் பெயர்ப்பது இயக்கியின் தொழில். சில்லினுள்ளே பதிவகங்கள் எனப்படும் சிறு அறைகள் உண்டு. எந்த அறையில் எந்த எண்ணை இட்டால் ஒலியளவு உயரும், எந்த அறை ஒலிவாங்கியைத் திறக்கும், எந்த ஒழுங்கில் மின்னூட்டவேண்டும் என்பவற்றை இயக்கி அறிந்திருத்தல் வேண்டும். அதனை எழுதுபவர் சில்லை ஆக்கியோர் வெளியிட்ட கையேட்டை வரிவரியாகக் கற்கின்றார். ஒழுங்கு பிழைப்பின் ஒலிபெருக்கியில் 'டப்' என்றொரு வெடியொலி எழும். துடிப்பு பிழைப்பின் விளைவு இன்னும் விசித்திரமானது. 48,000 மாதிரிகளுக்குரிய சில்லுக்கு வழக்கமாக 12.288 மெகாஹேர்ட்ஸ் துடிப்பும், 44,100க்குரியதற்கு 11.2896 மெகாஹேர்ட்ஸ் துடிப்பும் வழங்கப்படும். முன்னதற்குப் பதிலாகப் பின்னதை வழங்கினால் பாடகியின் சுருதி ஏறத்தாழ 8 வீதம் இறங்கிவிடும். பாட்டும் ஏறத்தாழ 9 வீதம் தாமதித்து முடியும். பிழை எங்கும் எழுத்தில் தெரியாது. காதே அதனைக் கண்டுபிடிக்கும்.

நான்கு முறை எழுதப்பட்ட இயக்கி

இயக்கிகளின் வரலாறு திறந்தமூல மென்பொருளின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு 1992ஆம் ஆண்டளவில் பின்லாந்தைச் சேர்ந்த ஹன்னு சவோலைனன் முதல் ஒலி இயக்கிகளை எழுதினார். 1998ஆம் ஆண்டளவில் செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசெலா, அல்சா என்னும் புதிய அமைப்பைத் தொடங்கினார். 2003ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 பதிப்பில் அல்சா ஏற்றுக்கொள்ளப்பட்டு இருந்தது. ஆயின் அல்சா மேசைக் கணினிகளின் ஒலி அட்டைகளை மனத்திற் கொண்டது. அங்கே அட்டையொன்று முழுமையான பொருள். கடையில் வாங்கிச் செருகலாம். உட்பொதிந்த கருவியிலோ செயலி ஒருவருடையது, கோடெக் சில்லு இன்னொருவருடையது, இரண்டையும் பலகையில் ஒட்டுபவர் மூன்றாமவர்.

இந்நிலை ஒரு வீண்செலவைத் தோற்றுவித்தது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வொல்ப்சன் நிறுவனத்தின் டபிள்யூ.எம். 8731 என்னும் கோடெக் சில்லுக்கு, லினக்ஸில் நான்கு வேறு செயலிகளுக்கென நான்கு வேறு இயக்கிகள் எழுதப்பட்டிருந்தன. சில்லு ஒன்றே, அதன் பதிவகங்களும் ஒன்றே. எனினும் நான்கு இடங்களில் நான்கு குழுவினர் அதே கையேட்டை மீண்டும் கற்று, அதே பிழைகளை மீண்டும் செய்து, மீண்டும் திருத்தினர். ஒருவர் கண்ட தீர்வு மற்றவருக்குப் பயன்படவில்லை.

இதனைக் கண்ட வொல்ப்சன் நிறுவனப் பொறியியலாளரான லியம் கேர்ட்வுட், மார்க் பிரவுண் முதலியோர் ஏசொக் என்னும் அமைப்பை உருவாக்கினர். 2000களின் பிற்பகுதியில் அது லினக்ஸில் இடம்பெற்றது. அதன் அடிப்படைக் கருத்து எளிமையானது. இயக்கியை மூன்றாகப் பிரித்தனர். கோடெக் இயக்கி சில்லை மட்டும் அறியும். எந்தச் செயலியோடு இணைக்கப்பட்டது என்பதை அறியாது. தள இயக்கி செயலியை மட்டும் அறியும். இயந்திர இயக்கி எனப்படும் மூன்றாவது சிறு பகுதி, இப்பலகையில் எந்தச் சில்லு எந்தச் செயலியோடு எந்தக் கம்பியால் பிணைந்துள்ளது என்பதை மட்டும் சொல்லும். இவ்வாறு பிரித்தபின் ஒரு சில்லுக்கு ஒருமுறை எழுதிய இயக்கி எல்லாப் பலகைகளுக்கும் பயன்பட்டது.

நிலத்தைப் பங்கிடுவது போலப் பொறுப்பைப் பங்கிட்ட இச்செயல் நுட்பச் சீர்திருத்தமாக மட்டும் நோக்கத்தக்கதன்று. பெரிய நிறுவனமொன்றின் துணையின்றி, ஒரு சிறு பட்டறையோ ஒரு பல்கலைக்கழக மாணவர் குழுவோ கடையிற் கிடைக்கும் சில்லுகளைக்கொண்டு ஒலிக்கருவி ஆக்குவதற்கு அது வழி திறந்தது. எஞ்சிய வேலை அந்த மூன்றாவது சிறு பகுதியே. அது சில நூறு வரிகளுக்குள் அடங்குவதுண்டு. மேலும் அவ்வமைப்பின் மூலவரிகள் எவரும் படிக்கக்கூடியவை. வொல்ப்சன் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிரஸ் லொஜிக் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. நிறுவனம் கைமாறிய பின்னும் அதன் பொறியியலாளர் எழுதிய இயக்கிகள் பொதுச் சொத்துப்போல் லினக்ஸில் நிலைத்து நிற்கின்றன.

பற்றரியும் கடிகாரமும்

இவ்வரலாற்றை நமது நாட்டுச் சூழலில் வைத்து நோக்குமிடத்து இரு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, மின்சாரம் பற்றியது. வடபகுதியில் 1990களின் பொருளாதாரத் தடையின்போது மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்கப் பலர் கூடியிருந்து செய்தி கேட்ட காலம் அது. திரான்சிஸ்டர் வானொலி உண்ணும் மின் மிகச் சிறிது என்பதாலேயே அது சாத்தியமாயிற்று. முதல் டி.ஆர்.எம். பெட்டிகளோ இடையறாது கணக்கிடும் செயலியைச் சுமந்தவை. பற்றரியை விரைந்து தின்றவை. கணினியும் ஒலி அட்டையும் கொண்டு கேட்பதென்றால் சொல்லவேண்டியதில்லை. எண்முறை வானொலி வறியவன் கையைச் சேராமைக்கு விலையோடு இதுவும் ஒரு காரணமாகும்.

ஏசொக் அமைப்பினர் இதனை உணர்ந்திருந்தனர். சில்லினுள்ளே ஒலி செல்லும் வழியை ஆராய்ந்து, அவ்வழியிலுள்ள பகுதிகளுக்கு மட்டும் மின்னூட்டி, ஏனையவற்றை உறங்கவிடும் ஒரு முறையை அவர்கள் இயக்கிக்குள்ளேயே அமைத்தனர். ஒலிபெருக்கியிற் கேட்கையில் ஒலிவாங்கியின் பெருக்கி விழித்திருக்க வேண்டியதில்லை. கோடெக் சில்லைப் பொறுத்தவரை பற்றரியின் ஆயுளைத் தீர்மானிப்பவர்களுள் இயக்கியை எழுதியவரும் ஒருவர் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது வினா கடிகாரம் பற்றியது. கோப்பில் சேமித்த பாட்டைக் கேட்கும்போது கருவி தன் வேகத்தில் எண்களைக் கேட்டு வாங்கும். தாமதித்தாலும் எவருக்கும் நட்டமில்லை. ஒலிபரப்பிலோ வேகத்தை நிர்ணயிப்பது தொலைவிலுள்ள கோபுரம். கோபுரத்தின் கடிகாரமும் கைக்கருவியின் பளிங்குக் கடிகாரமும் ஒருபோதும் முற்றாக ஒத்தியங்குவதில்லை. பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு எனக் கொண்டால், 48,000 மாதிரிகளில் செக்கனுக்கு இரண்டு மாதிரிகளுக்கு மேல் கூடும் அல்லது குறையும். ஒரு மணிநேரத்தில் 8,640 மாதிரிகள். இடைத்தேக்கம் நிரம்பி வழியும், அல்லது வறண்டு குரல் அறுபடும். ஆகவே கருவி தன் கடிகாரத்தைக் கோபுரத்தின் கடிகாரத்தோடு இடையறாது ஒப்பிட்டு, நுண்ணிய அளவில் தன்னைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். அதற்கு வேண்டிய அளவீட்டைத் தருவதும், திருத்தத்தைச் சில்லுக்கு உணர்த்துவதும் இயக்கியே.

கேட்பவன் கோபுரத்தின் காலத்துக்குள் வாழ நிர்ப்பந்திக்கப்படுகின்றான் என இதனைக் கூறலாம். செய்தி கேட்பதில் இது பெரிதன்று. உயிர் காக்கும் அறிவிப்பில் பெரிது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையைத் தாக்கியபோது 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலைக் கரையும் அழிவுக்குத் தப்பவில்லை. வடகரையில் பலநூறு கிலோவாற் வலுவுடைய ஒலிபரப்பிகள் நின்ற மாவட்டம் அது. கரையோர மக்களை எச்சரிக்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கவில்லை. பின்னாளில் டி.ஆர்.எம். தரத்தில் அவசர எச்சரிக்கை ஏற்பாடொன்று இடம்பெற்றது. கேட்பவன் வேறு நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், பெட்டி தானாகவே எச்சரிக்கை ஒலிபரப்புக்கு மாறும். ஆனால் மாறவேண்டியது பெட்டி. அப்பெட்டி மக்கள் கையில் இல்லையாயின் அந்த ஏற்பாடு ஏட்டுச் சுரைக்காயே.

கோபுரங்களின் பிற்காலம்

வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்புகள் படிப்படியாகக் குறைந்தன. 2013ஆம் ஆண்டளவில் டொய்ச்சே வெல்லே திருகோணமலையைக் கைவிட, நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் வந்தது. 1941ஆம் ஆண்டு தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் சிற்றலைச் சேவையும் 2017ஆம் ஆண்டில் நின்றது. மறுபுறம், அயல்நாடான இந்தியா மத்திய அலையில் 35க்கு மேற்பட்ட ஒலிபரப்பிகளை டி.ஆர்.எம். முறைக்கு ஏற்றவையாக அமைத்தது. அங்கு எண்முறை வானொலி முதலில் வேரூன்றியது மோட்டார்க் கார்களிலாகும். காருக்குப் பற்றரிக் கவலை இல்லை. அதன் விலையில் வானொலியின் விலை மறைந்துவிடும். சந்தியில் நின்று செய்தி கேட்கும் கூலித் தொழிலாளிக்கும் கடலில் வலை வீசும் மீனவனுக்கும் உகந்த பெட்டி அத்துணை விரைவில் வரவில்லை. 2014ஐ அடுத்து இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்ட ஆவியன் என்னும் டி.ஆர்.எம். பெட்டியும் வந்தது, ஆயினும் சாதாரண திரான்சிஸ்டரின் இடத்தை அது பிடிக்கவில்லை.

இதனால் பெறப்படும் உண்மை யாது? ஒலிபரப்பின் வலிமை கிலோவாற்றில் அளக்கப்பட்டது பழைய காலம். இரு நாட்டுத் தலைவர்கள் கடிதம் எழுதிக் கட்டுப்படுத்த முயன்றதும் அவ்வலிமையையே. எண்முறைக் காலத்தில் வலிமையின் ஒரு பெரும்பகுதி கேட்பவன் கருவிக்குள் இடம்பெயர்ந்துள்ளது. அக்கருவியை ஆக்கத் தெரிந்தவனே தன் மக்களுக்குப் பேசத் தெரிந்தவனாவான். கோபுரத்தை விலைக்கு வாங்கலாம், நன்கொடையாகப் பெறலாம், ஒப்பந்தம் முடிந்ததும் கைமாறப் பெறலாம். கருவியாக்கும் அறிவை அவ்வாறு பெறுதல் இயலாது. அது கற்றுத் தேறவேண்டியது.

அவ்வறிவின் வாயில் இன்று மூடிக் கிடக்கவில்லை என்பதே ஆறுதலான செய்தி. சில்லுகளின் கையேடுகள் பல கிடைக்கின்றன. இயக்கிகளின் மூலவரிகள் திறந்து கிடக்கின்றன. நான்கு முறை எழுதவேண்டியதை ஒருமுறை எழுதினாற் போதும் என்னும் ஒழுங்கும் நிலைபெற்றுவிட்டது. டாம்ஸ்ரட்டில் இருவர் தொடங்கிய மென்பொருள் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களுக்குப் பயன்பட்டமை, பல்கலைக்கழகமொன்றின் சிறு அறையிலிருந்தும் இத்துறையிற் பணியாற்றலாம் என்பதற்குச் சான்றாகும். மலிந்த சில்லுகளைக்கொண்டு, குறைந்த மின்னில் இயங்கி, எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் தவறாது ஒலிக்கும் ஒரு கைக்கருவிக்கு வேண்டிய இயக்கியை எழுதுவது நமது பல்கலைக்கழகங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. கலைப்பீடத்தார் இதனை விஞ்ஞானபீடத்தின் விவகாரம் என ஒதுக்குதலும் பொருந்தாது. எவருக்காக எந்த மொழியில் எவ்விலையில் என்னும் வினாக்கள் பொறியியலுக்கு முந்தியவை.

உவர்மலையின் முன்னே விரிந்த துறைமுகத்துக்காகப் பேரரசுகள் போரிட்டன. வடகரைக் கோபுரங்களுக்காக அரசுகள் வாதிட்டன. கேட்பவன் கையிலுள்ள சிறு பெட்டிக்காக எவரும் வாதிடவில்லை. அதனை ஆக்கும் அறிவை நமதாக்கிக் கொள்ளும்போதே, இக்கரையில் எழும் குரல் இக்கரை மக்களின் காதிலும் விழும்.